பதிவேட்டில் பெயர் ஏறாத விசுவாசிகள்

(நமது நாடாளுமன்ற நிருபர்)

புதுதில்லி: பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், கோவை மாவட்ட எல்லையை ஒட்டி அமைந்துள்ளது வடகரப்பதி ஊராட்சி. கேரளத்தின் பிற பகுதிகளைப் போல மழை பொழியாத வறண்ட நிலம். தமிழ் பேசுவோர் மிகுதியாக வாழும் ஊர்கள். மாநில மறுசீரமைப்பின்போது தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றுடன் சேர்த்து, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய சித்தூர் தாலுகாவில் அடங்கியது இது. 1956-ல் எல்லைகள் வரையப்பட்டபோது அம்மூன்று தாலுகாக்களும் கேரளத்துடனேயே நின்றுவிட்டன. இன்று வடகரப்பதி வாக்காளர்கள் சித்தூர் சட்டப்பேரவைத் தொகுதியின் வழியாக ஆலத்தூர் மக்களவைத் தொகுதிக்கு வாக்களிக்கின்றனர். ஆலத்தூர், தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

இத்தகைய ஊர்களில் புதிய சபை ஒன்று தோன்றுவதற்குக் கோபுரமோ மணிக்கூண்டோ தேவைப்படுவதில்லை. வெளியூர் ஊழியர் ஒருவர் குடும்பத்துடன் வாடகை வீட்டில் குடியேறுவார். நோயுற்றவர் வீட்டில் ஜெபம், மாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும், வெள்ளிக்கிழமைகளில் உபவாச ஜெபம் என்று தொடங்கும். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் தொடர்ந்து வரத் தொடங்கினால் ஞாயிறு ஆராதனை நடைபெறும். வசதி வாய்த்தால் தகரக் கூரையுடன் ஒரு ஜெபக்கூடம் எழும். இதைத்தான் சுவிசேஷ இயக்கத்தினர் ‘சபை ஸ்தாபித்தல்’ என்கின்றனர். கத்தோலிக்கத் திருச்சபைக்கோ தென்னிந்தியத் திருச்சபைக்கோ இருப்பதுபோன்ற மறைமாவட்டம், ஆயர், பங்கு எல்லை எதுவும் இவற்றுள் பலவற்றுக்குக் கிடையாது. போதகரே தலைவர், பொருளாளர், சாட்சி எல்லாம்.

தில்லியில் இந்தச் சபைகள் பேசப்படும் விதம் வேறு. நாடாளுமன்றத்தில் மதமாற்றம் குறித்து விவாதம் எழும்போதெல்லாம் வெளிநாட்டுப் பணம், கட்டாயம், ஆசைகாட்டுதல் என்ற மூன்று சொற்களே திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. எதிர்த்தரப்பில் மத சுதந்திரம், அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு. எல்லைக் கிராமத்தில் அந்த ஜெபக்கூடத்துக்குச் செல்லும் தலித் குடும்பத்தின் கவலை இவற்றில் எதிலும் அடங்காது. ‘ஞானஸ்நானம் பெற்றால் பெயர் எங்கே எழுதப்படும், அதை யார் எப்போது எடுத்துப் பார்ப்பார்கள்’ என்பதே அக்கவலை. அது வீண் கவலையன்று என்பதற்கு அண்மைக்காலச் சான்று தேவிகுளம்.

தேவிகுளம் வழக்கு: இடுக்கி மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களை உள்ளடக்கிய தேவிகுளமும் ஒரு தனித்தொகுதி. 2021 சட்டப்பேரவைத் தேர்தலில் அங்கு மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ஏ. ராஜா 7,848 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் டி. குமார் தொடுத்த தேர்தல் வழக்கில், ராஜா கிறிஸ்தவர், எனவே தனித்தொகுதியில் போட்டியிடத் தகுதியற்றவர் என்று வாதிடப்பட்டது. சான்றாக நீதிமன்றத்துக்கு வந்தவை, குண்டளா எஸ்டேட்டில் உள்ள தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்தின் பதிவேடுகளும் திருமணப் புகைப்படங்களும். பதிவேடுகளில் திருத்தங்கள் செய்யப்பட்டிருந்தன. மணமகன் அணிந்த கோட்டும் மணமகளின் வெள்ளை உடையும்கூட ஆராயப்பட்டன. 2023 மார்ச் 20-ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம், அவரது தேர்தல் செல்லாது என்று அறிவித்தது. கேரள மாநிலத்துக்குள் ‘இந்து பறையன்’ சமூகத்தைச் சேர்ந்தவராக அவரைக் கருத இயலாது என்பதும் அத்தீர்ப்பின் ஒரு பகுதி. தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பம் 1950-க்கு முன்பே வந்ததா என்ற கேள்வியும் மதத்தோடு பின்னிக்கொண்டது.

மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தடை விதித்தது. ராஜா அவைக்குச் செல்லலாம். வாக்களிக்கவோ படி பெறவோ கூடாது என்பது நிபந்தனை. 2025 மே 6-ஆம் தேதி உயர் நீதிமன்றத் தீர்ப்பையே அது ரத்து செய்தது. சாதிச் சான்றிதழ் செல்லும், தேவாலயப் பதிவேடுகளை மதமாற்றத்துக்கு ஐயமற்ற சான்றாகக் கொள்ள முடியாது என்ற முடிவுக்கு வந்தது. ஐந்தாண்டுப் பதவிக்காலத்தில் நான்கு ஆண்டுகள் இந்த வழக்கிலேயே கழிந்தன.

இதில் ஒரு முரணும் உண்டு. கடவுள் நம்பிக்கையை வற்புறுத்தாத கட்சி ஒன்று தன் உறுப்பினர் இந்துதான் என்று நிலைநாட்டப் பாடுபட்டது; சிறுபான்மையினர் ஆதரவை நம்பியிருக்கும் கட்சியின் வேட்பாளர், அவர் கிறிஸ்தவர் என்று நிரூபிக்கத் தேவாலயப் பதிவேட்டைப் புரட்டினார். அதே ராஜா 2021-ல் தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தபோது, அவ்வாசகத்தில் ‘கடவுளின் பெயரால்’ என்பதும் இல்லை, ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்பதும் இல்லை. சில நாள்களில் அவர் மீண்டும் பிரமாணம் எடுக்க நேர்ந்தது.

முன்னோடி வழக்குகள்: தனித்தொகுதியில் வென்ற தமிழர் ஒருவரின் மதம் நீதிமன்றத்தில் துருவப்படுவது இது முதல் முறையன்று. கோலார் தங்கவயல் தொகுதியில் 1967-ல் வென்ற எஸ். ராஜகோபால், 1949-ல் கிறிஸ்தவராக மாறியவர் என்ற காரணத்தால் பதவி இழந்தார். 1968-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 1972-ல் மீண்டும் வென்றார், மீண்டும் வழக்கு. அவர் தாய்மதம் திரும்பிவிட்டார், ஆதிதிராவிட சமூகமும் அவரை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று 1975-ல் அதே உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ராசிபுரம் மக்களவைத் தனித்தொகுதியில் 1980-ல் வென்ற பி. தேவராஜன் மீதும் இதே குற்றச்சாட்டு எழுந்தது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அதை நிராகரித்ததோடு, மதம் மாறினாலும் சாதியின் தடம் இந்த நாட்டில் எளிதில் அழிவதில்லை என்ற கருத்தையும் பதிவு செய்தது.

சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போகிறவர்களுக்கு வழக்கறிஞர்களும் கட்சியும் துணை நிற்கின்றனர். மற்றவர்கள் நிலை வேறு. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு இலவசமாகக் கடைப்பெட்டி வழங்கியபோது, கிறிஸ்தவர் என்ற காரணத்தால் ஒருவருக்கு அது மறுக்கப்பட்டது. அவர் பிறப்பால் ஆதிதிராவிடர். தொழில் அதேதான், இடமும் அதே தெருவோரம்தான். மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று கூறி 1985 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவரது மனுவைத் தள்ளுபடி செய்தது. புதுச்சேரியில் எழுத்தர் பணிக்காகத் தாழ்த்தப்பட்டோர் சான்றிதழ் கோரிய பெண் ஒருவரின் வழக்கில், குழந்தைப் பருவத்தில் அவர் பெற்ற ஞானஸ்நானத்தின் பதிவே எதிராக நின்றது. சலுகைக்காக மட்டும் இந்து என்று கூறுவது அரசமைப்புச் சட்டத்தையே ஏமாற்றுவதாகும் என்று 2024 நவம்பர் 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

மூன்றாவது பத்தி: இவ்வளவுக்கும் வேர், குடியரசுத் தலைவர் 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பிறப்பித்த தாழ்த்தப்பட்டோர் ஆணையின் மூன்றாவது பத்தி. இந்து மதம் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுவோர் தாழ்த்தப்பட்டோர் ஆகமாட்டார் என்கிறது அது. 1956-ல் சீக்கியர்களுக்கும், வி.பி. சிங் ஆட்சியில் 1990-ல் பௌத்தர்களுக்கும் விலக்கு கிடைத்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கிடைக்கவில்லை. 1996 தேர்தலுக்கு முன் நரசிம்ம ராவ் அரசு தலித் கிறிஸ்தவர்களுக்காக மசோதா கொண்டுவர முனைந்து, முடியாமல் விட்டது. மதப் பாகுபாட்டை நீக்கலாம் என்று 2007-ல் பரிந்துரைத்தது ரங்கநாத் மிஸ்ரா ஆணையம். அதன் உறுப்பினர் செயலரே மாறுபட்டுக் குறிப்பெழுதினார். 2009 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அந்த அறிக்கையுடன் நடவடிக்கை அறிக்கை எதுவும் இணைக்கப்படவில்லை. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் என்று குறிக்கப்பட்ட அதன் காலம் ஒருமுறைக்கு மேல் நீட்டிக்கப்பட்டது. தமிழக சட்டப்பேரவை 2023 ஏப்ரல் 19-ஆம் தேதி தலித் கிறிஸ்தவர்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. பாஜக வெளிநடப்புச் செய்தது. காங்கிரஸ், தேவ கௌட, குஜ்ரால், வாஜ்பாய், மன்மோகன், மோடி என ஆறு ஆட்சிகளைக் கண்டுவிட்ட கோரிக்கை இது. எவரும் தீர்க்க விரும்பாத கோப்பு ஒன்று தில்லியில் எப்படிப் பயணிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

மாநிலங்கள் ஓரளவு ஈடு செய்துள்ளன. தமிழகத்தில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகின்றனர். கேரளத்தில் அரசுப் பணியில் ஒரு சதவீத ஒதுக்கீடும், கல்விச் சலுகைகளும், 1980 முதல் கோட்டயத்தில் தனி மேம்பாட்டுக் கழகமும் உள்ளன. ஆனால், தனித்தொகுதியில் நிற்கும் உரிமையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் மாநில அரசுகள் தரக்கூடியவை அல்ல. சாதிப் பெயரைச் சொல்லித் தாக்கினார்கள் என்று போதகர் ஒருவர் அளித்த புகாரை, பத்தாண்டுகளாகப் போதகராக இருப்பவர் தாழ்த்தப்பட்டோர் அல்லர் என்று கூறி 2025-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சபையைத் தொடங்கும் போதகரே தலித்தாக இருக்கும் கிராமங்களில் இத்தீர்ப்பின் பொருள் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை.

எழுதப்படாத நம்பிக்கை: பழைய மிஷன் சபைகள் எழுத்தில் நம்பிக்கை வைத்தவை. குடும்பப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு என்று நான்கும் பேணப்பட்டன. குண்டளா ஆலயத்தில் இருந்தவையும் அத்தகைய பதிவேடுகளே. புதிய சுதந்திர சபைகள் பலவற்றில் இந்த வழக்கம் இல்லை. முழுக்கு ஞானஸ்நானம் வாய்க்காலிலோ தோட்டத்துக் கிணற்றுத் தொட்டியிலோ நடந்தேறும். எழுதி வைக்கப்பட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஞானஸ்நானத்தையே தள்ளிப்போடுவோரும் உண்டு. பள்ளிச் சான்றிதழில் இந்து, வட்டாட்சியர் சான்றிதழில் தாழ்த்தப்பட்டோர், ஞாயிறு காலையில் ஆராதனை என்ற வாழ்க்கையில் மூன்றும் மோதாமல் இருக்க எளிய வழி, நான்காவதாக ஒரு தாள் உருவாகாமல் பார்த்துக்கொள்வதே.

இதைச் சலுகைக்கான தந்திரம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஞானஸ்நானம் பெறாமலே கிறிஸ்துவை வழிபடுவோரைத் தமிழகத்தில் ஆராய்ந்து, அமெரிக்க லுத்தரன் இறையியலாளர் ஹெர்பர்ட் ஹோஃபர் 1991-ல் ஒரு நூல் வெளியிட்டார். அத்தகையோரில் சான்றிதழ் பிரச்னையே இல்லாத பிற சாதியினரும் பெண்களும் இருந்தனர். கணவன் வீட்டை, உறவை, ஊர்த் திருவிழாவை இழக்க விரும்பாத பெண்ணுக்கும் எழுதப்படாத நம்பிக்கையே வசதி. ஆனால், தலித் குடும்பத்தைப் பொறுத்தவரை அரசின் ஆணையே அந்த வசதியைக் கட்டாயமாக்குகிறது. மூன்றாவது பத்தி மதமாற்றத்தைத் தடுக்கவில்லை. அதை எழுத்திலிருந்து துரத்தியிருக்கிறது. பொறுப்பான தணிக்கை, ஆயர் மன்றம், பதிவேடு ஆகியவை கொண்ட சபையைவிட, யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத சபைக்கே இது சாதகமாக முடிகிறது. மதமாற்றத்தைக் கண்காணிக்க வேண்டும் என்று முழங்குவோர் கவனிக்கத் தவறும் இடம் இதுதான்.

பழைய சபைகளின் பங்கும் இதில் உண்டு. வடகரப்பதி பகுதிக்குக் கிறிஸ்தவம் புதிதன்று. கோவை மறைமாவட்டத்துடன் நெடுநாள் தொடர்புடைய தமிழ்க் கத்தோலிக்கர்கள் பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் வாழ்கின்றனர். 2013 டிசம்பரில் கோவை, கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்துச் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டது. எனினும், தமிழ்க் கத்தோலிக்கத்தின் சாதிக் கணக்கு இன்னும் முடியவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித்துகளைப் பிரித்து நின்ற சுவர் நாடறிந்தது. அப்போதைய விழுப்புரம் மாவட்டத்தின் இறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் வெடித்த மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, இருவர் இறந்தனர். புதிய சபைகளுக்கு வருவோரில் ஒரு பகுதியினர் இந்துக்கள் அல்லர். பழைய ஆலயத்தின் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தவர்கள். தகரக் கொட்டகையில் பின்வரிசை கிடையாது. அதே மாவட்டத்தின் முதலமடை ஊராட்சியில் உள்ள கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் தமிழ் பேசும் சக்கிலியர் குடும்பங்கள், தேநீர்க் கடையில் தனிக் குவளை முதலான தீண்டாமை குறித்து 2017-ல் முறையிட்டதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கொட்டகையின் ஈர்ப்புக்கு அமெரிக்க டாலரைத் தேட வேண்டியதில்லை.

பணமும் அனுமதியும்: டாலர் வரத்தே குறுகிவிட்டது என்பதும் உண்மை. அமெரிக்காவின் கம்பேஷன் இன்டர்நேஷனல் 2017 மார்ச்சில் இந்தியப் பணிகளை நிறுத்தியது. 2020-ல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், நன்கொடை பெற்ற ஓர் அமைப்பு அதை மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடை செய்தது. சிறு சபைகள் பெரும்பாலும் தசமபாகத்தையும், தென் தமிழகம், மத்திய கேரளம் ஆகிய பகுதி விசுவாசிகளின் காணிக்கையையும் நம்பியே நடக்கின்றன. ஊழியர்களும் நம்மவர்களே. நெல்லைக் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையில் இந்தியன் மிஷனரி சங்கத்தைத் தொடங்கியது 1903-ல்.

கேரளத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் கிடையாது. தமிழகத்தில் 2002-ல் ஜெயலலிதா அரசு கொண்டுவந்த சட்டம், 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின் கைவிடப்பட்டது. எனவே, வடகரப்பதியில் போதகர் சந்திக்க வேண்டிய சட்டம் கட்டட விதியே. வழிபாட்டுத் தலத்துக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்றிருந்ததை மாற்றி, அந்த அதிகாரத்தை உள்ளாட்சி அமைப்புகளுக்கு வழங்கக் கேரள அரசு 2021-ல் முடிவு செய்தது. 2022-ல் வணிகக் கட்டடம் ஒன்றை முஸ்லிம் வழிபாட்டுத் தலமாக மாற்றக் கோரிய வழக்கில், மாநிலத்தில் வழிபாட்டுத் தலங்கள் ஏற்கெனவே மிகுதி என்று கூறிய கேரள உயர் நீதிமன்றம், கோரிக்கையை ஏற்கவில்லை. அனுமதி கேட்டால் அதுவும் ஒரு பதிவு. வீட்டிலேயே கூடி ஜெபிப்பதற்கு விண்ணப்பம் வேண்டியதில்லை.

மறுதரப்பு வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. மூன்றாவது பத்தி நீங்கினால், இருக்கும் 15 சதவீத மத்திய ஒதுக்கீட்டில் புதிதாகச் சேர்வோருக்கும் பங்கு தர வேண்டும். மிஷன் பள்ளிகளில் ஒரு தலைமுறை முன்னதாகவே படித்தவர்கள் போட்டியில் முந்திவிடுவார்கள் என்று இந்து தலித் அமைப்புகள் அஞ்சுகின்றன. அருந்ததியருக்கு 2009-ல் தமிழகம் 3 சதவீத உள்ஒதுக்கீடு வழங்க நேர்ந்த காரணத்தை அறிந்தவர்கள் இந்த அச்சத்தைப் புரிந்துகொள்வார்கள். உள்ஒதுக்கீட்டை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அனுமதித்துவிட்ட நிலையில், தனிப் பங்கு என்ற வழி திறந்தே இருக்கிறது. அதை எந்த அரசும் இதுவரை முன்வைக்கவில்லை.

அதற்குள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாகக் கொண்ட கணக்கெடுப்பில் அனைவரின் சாதியும் பதிவாகும் என்று மத்திய அரசு அறிவித்துள்ளது. கடந்த கணக்கெடுப்புகளில் இந்து, சீக்கியர், பௌத்தர் என்று மதம் கூறியவர்கள் மட்டுமே தாழ்த்தப்பட்டோராகக் கணக்கிடப்பட்டனர். தனித்தொகுதிகளின் எண்ணிக்கையும் இடமும் அந்தக் கணக்கின்படியே தீர்மானமாகின்றன. ஆலத்தூர் தனித்தொகுதியாக உருவானது, 2001 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்ட 2008 மறுவரையறையில். வடகரப்பதியில் ஜெபக்கூடத்துக்குச் செல்லும் குடும்பத்திடம் கணக்கெடுப்பாளர் மதத்தைக் கேட்பார், பிறகு சாதியைக் கேட்பார். முதல் கேள்விக்குக் ‘கிறிஸ்தவர்’ என்று பதில் வந்தால் ஆலத்தூரின் தாழ்த்தப்பட்டோர் எண்ணிக்கையில் அந்த வீடு சேராது. ‘இந்து’ என்று பதில் வந்தால், இந்தச் சபைகள் குறித்து அடுத்த பத்தாண்டுகளுக்கு நாடாளுமன்றத்தில் வாசிக்கப்படும் எந்தப் புள்ளிவிவரத்திலும் அந்த வீடு இருக்காது.